தோன்றா எழுவாய்

1914 அக்டோபர் 9, 10 தேதிகளில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் கோட்டை ஜெர்மானியப் படையிடம் வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியைப் பத்திரிகைகள் எப்படிச் சொன்னன என்று ஒரு கதை நூறாண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆன்ட்வெர்ப் விழுந்தது தெரிந்ததும் தேவாலய மணிகள் அடிக்கப்பட்டன என்று கொலோன் நகரப் பத்திரிகை ஒன்று முதலில் போட்டது. அடிக்கப்பட்டது ஜெர்மனியில், வெற்றிக் களிப்பில். பாரிஸின் லெ மத்தான் அதைப் படித்துவிட்டு, கொலோன் பத்திரிகை சொல்கிறபடி ஆன்ட்வெர்ப் பாதிரியார்கள் மணியடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்று எழுதியது. பாரிஸிலிருந்து கிடைத்த தகவல் என்று சொல்லி லண்டன் டைம்ஸ், மணியடிக்க மறுத்த பெல்ஜியப் பாதிரியார்கள் பதவியிலிருந்து விரட்டப்பட்டார்கள் என்றது. லண்டன் வழியாகப் பாரிஸிலிருந்து வந்த செய்தி என்று மிலானின் கொரியெரே டெல்லா சேரா, அந்தப் பாதிரியார்களுக்குக் கடுங்காவல் விதிக்கப்பட்டது என்றது. செய்தி ஊர் சுற்றிவிட்டு மறுபடியும் லெ மத்தானுக்கே வந்து சேர்ந்தபோது, மறுத்த பாதிரியார்களைத் தலைகீழாக மணிக்குள் கட்டித் தொங்கவிட்டு, உயிருள்ள மணிநாக்குகளாக ஆட்டினார்கள் என்று ஆகியிருந்தது.

தமிழ் வாசகருக்கு உடனே காக்கை வாந்தி நினைவுக்கு வரும். கறுப்பாக ஏதோ வாந்தி எடுத்தார் என்று ஒருவர் சொல்ல, காக்கை நிறத்தில் எடுத்தார் என்று அடுத்தவர் சொல்ல, தெருக்கோடிக்குப் போவதற்குள் மனிதர் காக்கை காக்கையாக வாந்தி எடுத்துவிடுவார். இரண்டு கதையும் ஒரே சாயல்தான். ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு வேறுபாடு உண்டு, அது முக்கியமானது. காக்கைக் கதையில் வாந்தி எடுத்தவர் யார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை, வளர்வது வாந்தி. மணிக் கதையில் முதலில் பெருகியது செய்கை அல்ல, ஆள். மணி அடித்தது யார், எந்த ஊரில் என்பதை முதல் வாக்கியம் சொல்லாமல் விட்டது. அடுத்துப் படித்தவர் அந்த வெற்றிடத்தில் ஒரு பாதிரியாரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் வந்தபிறகுதான் கட்டாயமும், மறுப்பும், தண்டனையும் வர முடிந்தது.

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. வந்தான் என்று மட்டும் சொன்னால் போதும். அவன் என்பதைச் சொல்லாமலே வினைமுற்றின் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். அடித்தார்கள் என்றால்கூட, ஆட்கள் அடித்தார்கள், பலர் அடித்தார்கள் என்ற அளவாவது தெரியும். மணிகள் அடிக்கப்பட்டன என்று செயப்பாட்டு வினையில் சொல்லும்போது விகுதி மணிகளோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அடித்த கை வாக்கியத்திலிருந்தே வெளியேறிவிடுகிறது. போர்க்காலச் செய்தித்தாள்கள் இந்த அமைப்பைத்தான் மிகவும் விரும்பின. பத்தியில் இடம் குறைவு, தணிக்கை அதிகாரி படையின் பெயரையும் ஊரின் பெயரையும் வெட்டுவார், தந்திக்குச் சொல் கணக்கில் காசு. ஆகவே ஊர் கொளுத்தப்பட்டது, படை நகர்த்தப்பட்டது, கப்பல் மூழ்கடிக்கப்பட்டது என்று ஆளற்ற வாக்கியங்களாகவே உலகப் போர் வீடு வீடாக வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துத் தலைப்புகளிலிருந்து கிளைத்த வேடிக்கையான, நம்ப முடியாத கதைகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை மிகைப்படுத்தலால் பிறந்தவை அல்ல என்றே நான் கருதுகிறேன். விடுபட்ட எழுவாயை வாசகர் தம் அச்சத்திலிருந்தோ ஆசையிலிருந்தோ எடுத்து நிரப்பியதால் பிறந்தவை அவை.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். ஆன்ட்வெர்ப் மணிக் கதையே பொய்யாயிற்றே, அதை வைத்து எதை நிறுவ முடியும் என்று விஷயம் தெரிந்தவர் கேட்பார். அவர் சொல்வது உண்மை. இந்த ஐந்து துணுக்குகளும் அந்தந்தப் பத்திரிகைகளில் அப்படி வந்தவை அல்ல. 1915 ஜூலையில், ஜெர்மானிய அரசுக்கு நெருக்கமான நோர்டாய்ச்ச அல்கமைன ட்ஸைட்டுங் என்ற பெர்லின் பத்திரிகை, எதிரி நாட்டு ஏடுகள் செய்தி திரிக்கும் விதத்தைக் கேலி செய்யப் புனைந்த துணுக்கு அது. ஒரு தலைப்பு கைமாறினால் என்னென்ன ஆகும் என்று ஒருவர் கற்பனை செய்து பார்த்த நகைச்சுவை. ஆனால் 1928இல் ஆர்தர் பொன்சன்பி என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், போர்க்காலப் பொய்களைத் தொகுத்து வெளியிட்ட நூலில் இதை உண்மையான ஆதாரமாகவே சேர்த்துவிட்டார். அடுத்த ஆண்டு கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் தம் போர் நினைவு நூலிலும் இதை எடுத்துப் போட்டார். அதன்பிறகு பிரசாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இருவரிடமிருந்தே எடுத்தாண்டார்கள். பொன்சன்பி சாதாரண மனிதரல்ல; 1914இல் போரை எதிர்த்து நின்ற நேர்மையாளர், பொய்களைக் கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டவர். அவர் கைக்கு வந்த துணுக்கில் ஐந்து செய்திகளுக்கும் பத்திரிகைப் பெயர்கள் இருந்தன. ஐந்தையும் வரிசையாக அடுக்கித் தொகுத்தவர் பெயர் மட்டும் இல்லை. அந்த எழுவாய் யார் என்று அவர் கேட்கவில்லை. கதை கற்பனை என்பதால் என் வாதம் தளரவில்லை. கதைக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட பிழை கதைக்கு வெளியே, அதுவும் பொய்களைப் பிடிக்கும் வல்லுநரிடமே, உண்மையாக நடந்திருக்கிறது.

அந்தத் துணுக்கைப் புனைந்தவர் இன்னொன்றையும் நுட்பமாகக் கவனித்திருந்தார். ஒவ்வொரு படியிலும் இன்னார் சொல்கிறபடி, இன்ன ஊர் வழியாக வந்தபடி என்ற சொற்கள் கூடிக்கொண்டே போகின்றன. சொன்னவர் பெயர் ஏற ஏற, செய்தவர் யார் என்ற கேள்வி மங்குகிறது. நான்கு பேர் சொன்னதைப் பொய் என்று நினைக்க மனிதருக்கு மனம் வருவதில்லை. நான்கு பேரும் ஒரே வரியைத்தான் படித்தார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி கற்பனையல்லாத சான்றுகளுக்கு வருவோம். 1914 ஆகஸ்ட் 23 அன்று பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரருகே பிரிட்டிஷ் படை முதன்முறையாக ஜெர்மானியரோடு மோதி, பின்வாங்கத் தொடங்கியது. செப்டம்பர் 29 அன்று லண்டனின் ஈவ்னிங் நியூஸ் மாலைப் பத்திரிகையில், அங்கேயே பணிபுரிந்த ஆர்தர் மேக்கன் என்ற எழுத்தாளர் வில்லாளிகள் என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு சிறுகதை எழுதினார். பிரிட்டிஷ் வீரன் ஒருவன் புனித ஜார்ஜை அழைக்கிறான். பழைய அஜின்கோர்ட் போரின் வில்லாளிகள் ஒளி சூழ்ந்த உருவங்களாக வரிசைகட்டி வந்து நிற்கிறார்கள். ஜெர்மானியர் காயமே இல்லாமல் விழுந்து சாகிறார்கள். அது கதை என்று பத்திரிகை குறிப்பிடவில்லை, நேரில் கண்டவர் சொல்வதுபோல எழுதப்பட்டிருந்தது. சில நாட்களில் ஆவியுலக ஆராய்ச்சி இதழ்களின் ஆசிரியர்கள் இந்தத் தகவல் எங்கே கிடைத்தது என்று மேக்கனைக் கேட்டார்கள். எங்கேயும் கிடைக்கவில்லை, என் கற்பனை என்றார். தேவாலய இதழ்கள் மறுபதிப்புக்கு அனுமதி கேட்டன. ஒரு பாதிரியார், ஆதாரங்களைக் குறிப்பிட்டு முன்னுரை எழுதித் தருமாறு கேட்க, ஆதாரமே கிடையாது என்று மேக்கன் பதில் எழுதினார். அடிப்படை நிகழ்ச்சி உண்மையாகத்தான் இருக்க வேண்டும், நீங்கள் அதை விரித்து எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்று பாதிரியார் மறுபடி எழுதினார். கதையை எழுதியவர் சொல்வதைவிடக் கதைக்குள் இருந்தவர் சொல்வது அவருக்கு நம்பத்தக்கதாக இருந்தது.

1915 கோடைக்குள் வில்லாளிகள் மறைந்து, தேவதூதர்கள் வந்துவிட்டார்கள். மேக்கன் கதையில் தேவதூதர் ஒருவரும் இல்லை. இருந்தது ஒளி சூழ்ந்த உருவங்களின் வரிசை. உருவங்கள் என்ற சொல் யாருடைய உருவம் என்று அடம்பிடித்துக் கேட்கும் சொல். மகனை இழந்துகொண்டிருந்த வீடுகள் அதற்குத் தங்கள் பதிலைக் கொடுத்தன. 1915இல் மேக்கன் இந்தக் கதையைப் புத்தகமாக வெளியிட்டபோது, இது முழுக்கத் தம் கற்பனை என்று நீண்ட முன்னுரையே எழுதினார். அதே ஆண்டில் ஹரால்ட் பெக்பி என்பவர் மேக்கனை மறுத்து, தேவதூதர்கள் வந்தது உண்மையே என்று தனி நூல் எழுதினார். இங்கே வாசகரை ஏளனம் செய்வது எளிது, அது நியாயமல்ல. அந்த வாரங்களில் பிரிட்டிஷ் மக்களுக்குப் பின்வாங்கல் பற்றித் தெளிவான செய்தி கிடைக்கவில்லை. செய்தியாளர்கள் போர்முனைக்கு அனுமதிக்கப்படவில்லை. தோற்றுப் பின்வாங்கிய படை எப்படி அழியாமல் தப்பியது என்ற கேள்விக்கு அதிகாரபூர்வமான எழுவாய் தரப்படவில்லை. யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள், அது யார் என்று கேட்ட மனங்களுக்கு ஒரு சிறுகதை முதலில் போய்ச் சேர்ந்தது.

ரஷ்யர்கள் கதையும் இதே வாரங்களைச் சேர்ந்ததுதான். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும், ரஷ்யாவின் ஆர்க்கேஞ்சல் துறைமுகத்திலிருந்து கப்பலேறி ஸ்காட்லாந்தில் இறங்கிய பெரும் ரஷ்யப் படை ரயிலில் தெற்கே போய்க்கொண்டிருக்கிறது என்று நாடே பேசியது. பூட்ஸில் இன்னும் பனி ஒட்டியிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கோடைகாலம் என்பது யாரையும் தடுக்கவில்லை. ஆர்க்கேஞ்சலிலிருந்து லட்சக்கணக்கில் அனுப்பப்படுகின்றன என்று ரஷ்ய முட்டைகளைப் பற்றி வந்த வணிகத் தந்திதான் மூலம் என்று ஒரு விளக்கம் உண்டு. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டபோது ஸ்காட்லாந்து வீரர்கள் ராஸ்ஷயர் என்று சொன்னது ரஷ்யா என்று காதில் விழுந்தது என்று இன்னொன்று. இந்த விளக்கங்களும் செவிவழிக் கதைகளே, அவற்றை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. ஆதாரம் ரயில்கள்தான். போர் தொடங்கியதும் ரயில்வே அரசின் கட்டுப்பாட்டுக்குப் போனது. இரவில் திரை இறக்கிய வண்டிகள் ஓடின, வழக்கமான வண்டிகள் காரணம் சொல்லாமல் தாமதமாயின. படைகள் நகர்த்தப்படுகின்றன என்பது கண்ணுக்குத் தெரிந்தது; யாருடைய படைகள் என்று சொல்ல யாருக்கும் அனுமதியில்லை. செப்டம்பர் 15 அன்று அரசின் செய்திப் பிரிவு மறுப்பு வெளியிட்டது. அதற்குள் எடின்பரோவில் தங்கியிருந்த ஜெர்மானிய உளவாளி கார்ல் லோடி, ரஷ்யர்கள் வந்துவிட்டார்கள் என்று கடிதம் எழுதிவிட்டார். அவருடைய கடிதங்களைப் பிரித்துப் படித்துவந்த பிரிட்டிஷ் உளவுத் துறை, இந்த ஒரு கடிதத்தை மட்டும் தடுக்காமல் போகவிட்டது. லோடி பிடிபட்டு நவம்பர் 6 அன்று லண்டன் கோபுரச் சிறையில் சுடப்பட்டார். இல்லாத படையைப் பற்றிய அவரது செய்தி மட்டும் தடையில்லாமல் போய்ச் சேர்ந்தது.

இதுவரை சொன்னவை மக்கள் நிரப்பியவை. வேண்டுமென்றே நிரப்பப்பட்டதும் உண்டு, அதில் வேடிக்கை குறைவு. 1917 ஏப்ரல் 10 அன்று பெர்லினின் லோக்கால் அன்ட்ஸைகர் பத்திரிகையில் கார்ல் ரோஸ்னர் என்ற போர்முனைச் செய்தியாளர், பிரான்ஸின் ரைம்ஸ் நகருக்கு வடக்கே எவர்னிக்கூர் வழியாகப் போகும்போது சுண்ணாம்பு எரிவது போன்ற நெடி அடித்ததையும், அது படையின் கடாவர் பயன்பாட்டு நிலையம் என்பதையும் சில வரிகளில் எழுதினார். கொழுப்பிலிருந்து எண்ணெயும், எலும்பிலிருந்து பன்றித் தீவனமும் உரமும் எடுக்கப்பட்டன. கடாவர் என்ற சொல்லை ஜெர்மானியர் செத்த மிருகத்துக்கே பெரும்பாலும் சொல்வார்கள். அங்கே காய்ச்சப்பட்டவை போரில் மடிந்த குதிரைகள். நாம்கூடச் செத்த மாட்டைப் பிணம் என்று சொல்லுவதில்லை. ஏப்ரல் 17 அன்று, நார்த்கிளிஃப் பிரபுவின் டைம்ஸ், டெய்லி மெயில் இரண்டும் அந்த வரிகளையும், ஒரு பெல்ஜியப் பத்திரிகையின் விரிவான வர்ணனையையும் சேர்த்து வெளியிட்டன. யாருடைய உடல் என்ற இடத்தில் இப்போது ஜெர்மானிய வீரர்களே வந்து படுத்துக்கொண்டார்கள். சொந்தப் போர்வீரர்களையே கொழுப்பாகக் காய்ச்சும் நாடு என்று உலகம் அருவருத்தது. ஏப்ரல் 25 அன்று பஞ்ச் நகைச்சுவை இதழில் கேலிப்படம் வந்தது: உயிரோடிருந்தாலும் செத்தாலும் உன்னைப் பயன்படுத்திக்கொள்வேன் என்று ஜெர்மானியப் பேரரசர் கைசர் ஒரு புது வீரனிடம் சொல்வதாக. தலைப்பு வந்து எட்டு நாட்களுக்குள் அது நகைச்சுவைப் பொருளும் ஆகிவிட்டது.

இது இலக்கணப் பிரச்சினை அல்ல, அப்பட்டமான அரசாங்கப் பொய் என்று சொல்வார்கள். 1925 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு விருந்தில், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படையின் உளவுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜான் சார்ட்டரிஸ், இரண்டு புகைப்படங்களின் அடிக்குறிப்புகளை மாற்றி ஒட்டி இந்தக் கதையைத் தாமே உருவாக்கியதாகப் பேசினார் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. ஊர் திரும்பியதும் அவர் மறுத்தார். டிசம்பர் 2 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின், இந்தக் கதைக்கு எந்த அடிப்படையும் இல்லை என்ற ஜெர்மானிய அரசின் மறுப்பை ஏற்பதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பொய் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பொய் எளிதில் விற்பனையாகக் காரணம் என்ன என்று கேட்க வேண்டும். டைம்ஸ் புதிதாக எதையும் புனைய வேண்டியிருக்கவில்லை; எதிரியின் பத்திரிகையில் எதிரியே எழுதியதை மொழிபெயர்த்தால் போதுமானதாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு மனித உடல் என்ற பொருள் உண்டா என்று டைம்ஸ் வாசகர் கடிதங்களில் சில நாட்கள் விவாதமே நடந்தது. வாசகர் ஏமாளியாக இல்லை, அகராதியைப் புரட்டினார். ரோஸ்னர் குதிரை என்ற ஒரு சொல்லை எழுதியிருந்தால் பொய் சொல்ல விரும்பியவருக்கு நிற்கவே இடம் கிடைத்திருக்காது. பொய்யன் வாக்கியத்தின் வெற்றிடத்துக்குள் நுழைகிறான். அதனால்தான் அவனை விரட்டுவது இவ்வளவு கடினமாகிறது.

சென்னைக்கும் இந்தப் போரில் ஒரு தலைப்பு கிடைத்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் முன் வந்து நின்று, சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பல் அடிபட்டது, குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். அரை மணி நேரம்கூட நீடிக்காத தாக்குதல். அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார்கள். மேலே சொன்னவற்றிலிருந்து இது மாறுபடுவது கவனிக்கத்தக்கது: இங்கே எழுவாய் பெயரோடு கிடைத்தது. எதிரி யார் என்று ஊருக்கே தெரியும், கப்பலின் பெயர் எல்லார் வாயிலும் விழுந்தது. கிடைத்த எழுவாயை மக்கள் விடவில்லை. போர் முடிந்தும் விடவில்லை. நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை அடித்து நொறுக்கிவிட்டது. தமிழில் மட்டும் அது கரையேறி, யாருக்கும் அடங்காதவன், எமகாதகன், நினைத்ததை முடிப்பவன் என்று பொருள்கொண்டு குடித்தனம் நடத்தத் தொடங்கியது. கண்டிப்பான அப்பாவை எம்டன் என்று பிள்ளைகள் அழைத்தார்கள். 2006இல் வந்த எம் மகன் திரைப்படத்துக்கு முதலில் எம்டன் மகன் என்றே பெயர். தமிழ்ப் பெயருக்கு அப்போது கிடைத்த வரிவிலக்குக்காக மாற்றினார்கள். சட்டம் அதை அந்நியச் சொல் என்றது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது அப்பாவின் பட்டப்பெயர்.

எழுவாய் தெரிந்திருந்தால் கட்டுக்கதை பிறக்காது என்பதல்லவா உன் வாதம், பிறகு எம்டனைச் சுற்றி ஏன் இத்தனை கதை என்று கேட்கலாம். எம்டன் கதைகளில் மிகப் பரவலானது எது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார், அவர்தான் இலக்கைக் காட்டினார், இந்தியர் மீது குண்டு விழாமல் பார்த்துக்கொண்டார் என்பது அந்தக் கதை. திருவனந்தபுரத்தில் பிறந்த அந்த விடுதலைப் போராளி அப்போது ஐரோப்பாவில் இருந்தார். சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். எம்டனோ சீனக் கடற்கரையின் சிங்தாவிலிருந்து புறப்பட்ட கப்பல். அவர் அதில் இருந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் கதை எந்த இடத்தில் முளைத்தது என்று பாருங்கள். குண்டு வீசியது யார் என்பதில் அல்ல, அது தெரிந்துவிட்டது. எண்ணெய்த் தொட்டி இங்கே இருக்கிறது என்று எம்டனுக்குச் சொன்னது யார் என்ற, சொல்லப்படாத எழுவாயில் முளைத்தது. அன்றிரவு சென்னையில் விளக்குகள் அணைக்கப்படவில்லை, கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது, வணிகக் கப்பல்களுக்கெல்லாம் தெரிந்த துறைமுகம் அது. கடற்படைக்கு வழிகாட்டத் தனி ஆள் தேவைப்படவில்லை. மோன்ஸில் அச்சமும் துக்கமும் செய்த வேலையை இங்கே பெருமிதம் செய்தது. வெள்ளையன் துறைமுகம் எரிந்தபோது அதில் நம் ஆள் ஒருவரின் கை இருக்க வேண்டும் என்று ஆளப்பட்ட மக்கள் விரும்பினார்கள். அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். அதைச் சரித்திரப் புத்தகத்தில் சேர்ப்பதை ஏற்க மாட்டேன்.

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றையும்விட மனதுக்கு நெருக்கமானது. இந்தக் கேலிகளால் என்ன கெடுதல், பிரசாரத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டது நல்லதுதானே என்பார்கள். 1920களில் ஐரோப்பா அப்படித்தான் சிரித்தது. மணிநாக்குப் பாதிரியார்கள், பிணத் தொழிற்சாலை, பனி ஒட்டிய பூட்ஸ் எல்லாம் ஒரே பையில் போடப்பட்டன. பெல்ஜியக் கொடுமைகள் என்ற சொல்லே நகைப்புக்குரியதாயிற்று. ஆனால் பெல்ஜியத்தில் கொடுமை நடந்தது. 1914 ஆகஸ்ட் 23 அன்று, மோன்ஸ் சண்டை நடந்த அதே நாளில், தினான் என்ற சிறு நகரத்தில் ஜெர்மானியப் படை 674 பொதுமக்களைக் கொன்றது. குழந்தைகளும் அதில் அடக்கம். ஆகஸ்ட் 25 இரவு லூவான் நகரத்தின் பல்கலைக்கழக நூலகம் சுமார் 3 லட்சம் நூல்களோடு கொளுத்தப்பட்டது. அந்த ஆண்டு பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் ஏறத்தாழ 6,500 பொதுமக்கள் கொல்லப்பட்டதை ஜான் ஹார்ன், ஆலன் கிராமர் என்ற இரு வரலாற்றாசிரியர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவியிருக்கிறார்கள். கொல்லப்பட்டவர்களில் பாதிரியார்களும் உண்டு; மணியில் தொங்கவிடப்பட்டு அல்ல, சுவரோரம் நிறுத்தி. 1915 மே மாதம் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட பிரைஸ் அறிக்கை இவற்றைப் பதிவுசெய்தது. சாட்சிகளின் பெயர்களை மறைத்து, பிரமாணம் வாங்காமல், செவிவழிக் கதைகளையும் கலந்து பதிவுசெய்ததால், போருக்குப் பிறகு அறிக்கை முழுவதையும் தூக்கி எறிய முடிந்தது. அங்கேயும் சொன்னவர் யார் என்பது இல்லாமல் போயிற்று. தினானில் இறந்தவர்களுக்குப் பெயர் இருந்தது, வயது இருந்தது, தொழில் இருந்தது. அறிக்கையைப் படித்துச் சிரித்தவர்களிடம் அந்தப் பட்டியல் போய்ச் சேரவில்லை.

அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தவர்கள் அடுத்த போரில் இருந்தார்கள். 1942 ஜூன் 25 அன்று லண்டனின் டெய்லி டெலிகிராஃப், போலந்தில் ஜெர்மானியர்கள் 7 லட்சம் யூதர்களைக் கொன்றுவிட்டார்கள், நடமாடும் விஷவாயு அறைகள் பயன்படுத்தப்படுகின்றன என்று வெளியிட்டது. தகவல் போலந்திலிருந்து ரகசியமாக வெளியே வந்து, லண்டனில் இருந்த போலந்து யூதத் தலைவர் ஷ்முல் ஸிகல்போயிம் மூலம் பத்திரிகைக்குக் கிடைத்தது. இம்முறை கொன்றவர் யார், கொல்லப்பட்டவர் யார், எந்த நாட்டில், எந்த முறையில் என்று எல்லாம் இருந்தது. செய்தி வந்தது ஐந்தாம் பக்கத்தில். 1943 ஆகஸ்டில், பிரிட்டிஷ் கூட்டு உளவுக் குழுவின் தலைவர் விக்டர் கேவன்டிஷ் பென்டிங்க், விஷவாயு அறைகளைப் பற்றிய போலந்து, யூதத் தகவல்களைப் பார்த்துவிட்டு, போன போரில் மனித உடல்களிலிருந்து கொழுப்பு எடுத்ததாகச் சொன்ன அபத்தப் பொய்யை இவை நினைவூட்டுகின்றன என்று கோப்பில் குறிப்பு எழுதினார். அதற்கு மூன்று மாதங்கள் முன்னதாக, மே 12 அன்று, உலகம் கைகட்டி நிற்பதைக் கண்டிக்கும் கடிதத்தை எழுதி வைத்துவிட்டு ஸிகல்போயிம் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்.

தினானில் 1914 ஆகஸ்டில் நடந்தவற்றுக்கு ஜெர்மானிய அரசு பல பத்தாண்டுகள் கொடுத்துவந்த விளக்கமும் அதே ஆளற்ற வாக்கிய அமைப்பில்தான் இருந்தது. வீடுகளிலிருந்து படைகள் சுடப்பட்டன, ஆகவே தண்டனை வழங்கப்பட்டது என்றார்கள். வீட்டு ஜன்னலிலிருந்து சுட்ட கற்பனைப் பெல்ஜியனை, பயந்துபோன இளம் சிப்பாய்கள் முதலில் அந்த வெற்றிடத்தில் பார்த்தார்கள். பிறகு தளபதிகளும், பிறகு 1915இல் வெளியான அரசு வெள்ளை அறிக்கையும் அவனைப் பார்த்தன. 2001 மே 6 அன்று ஜெர்மானியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் துணையமைச்சர் வால்ட்டர் கோல்போ தினானுக்கு வந்தார். ஊர் மக்கள் முன் நின்று, 1914இல் ஜெர்மானியர்கள் உங்கள் நாட்டு மக்களுக்கு இழைத்த அநீதிக்காக உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்ற பொருளில் பேசினார். 87 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்தது.